இடம் பெயரும் கலங்கள்

மார்பகத்தில் தோன்றிய கட்டியொன்றைச் சத்திரவைத்தியர் முற்றாக அகற்றிவிடுகின்றார். புண் ஆறுகின்றது. நோயாளியும் தம் வீட்டுக் கருமங்களை முன்போல ஆற்றி வருகின்றார். ஐந்தாண்டோ பத்தாண்டோ சென்றபின் முள்ளந்தண்டில் நோவெடுக்கின்றது. நோவெடுத்த என்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், அங்கே குடியேறியிருப்பவை என்புக்குரிய கலங்கள் அல்ல, மார்பகத்துக்குரியவை. அன்று அகற்றப்பட்ட கட்டியிலிருந்து, கத்தி படுவதற்கு முன்னரே புறப்பட்டுப் போன கலங்களின் வழித்தோன்றல்கள் அவை.

2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதென்றும், ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அந்நோயால் இறந்தனரென்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எம் நாட்டுப் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள்ளும் முதலிடம் பெறுவது இதுவே. இங்ஙனம் இறந்தோருட் பெரும்பாலாரைக் கொன்றது மார்பிலிருந்த கட்டியன்று. அதனின்றும் என்பு, சுவாசப்பை, ஈரல், மூளை ஆகிய உறுப்புக்களுக்குப் பரவிய கலங்களே. ஆதலின், நிலைத்த வாழ்வுடைய ஒரு கலம் எவ்வாறு தன் இடத்தைவிட்டுப் பெயர்கின்றது என்னும் வினா, ஆய்வுகூடத்தார் பொழுதுபோக்குக்காக எழுப்பிய வினாவன்று. அதற்குக் கிடைத்துள்ள விடையின் ஒரு கூற்றை, சிறப்பாக 'ருவிஸ்ற்' என்னும் பெயருடைய புரதம் பற்றிய கூற்றை, விஞ்ஞானம் பயிலாத அன்பர்களும் விளங்கிக்கொள்ளுமாறு ஈண்டு எடுத்துரைக்க முயல்வாம்.

1889 இல் இலண்டனிற் சத்திரவைத்தியராயிருந்த ஸ்தீபன் பஜெற் என்பார், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேத பரிசோதனைக் குறிப்புக்களைத் திரட்டி ஆராய்ந்தார். ஈரலில் நோய் பரவியிருந்தமை அடிக்கடி காணப்பட்டது. மண்ணீரலிலோ மிக அரிது. குருதி இவ்விரண்டு உறுப்புக்களுக்கும் நிரம்பச் செல்வதொன்று. ஆதலின் குருதி கொண்டுசென்று கொட்டிய இடத்திலெல்லாம் நோய் முளைப்பதில்லை என்றும், வித்து எத்திசையிற் சிதறினும் தனக்கு ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்றும் அவர் கூறினார். வித்தும் நிலமும் என்னும் அவ்வுவமை இன்றுவரை வழக்கிலுள்ளது. ஆயின் வித்துச் செடியைவிட்டுப் பிரியும் வகையைப் பஜெற் காலத்தவர் அறிதற்கு வழியிருக்கவில்லை.

அதனை அறிய வேண்டின் முதலில் மார்பகத்தின் உள்ளமைப்பை நோக்குதல் வேண்டும். பால் சுரக்கும் சிற்றறைகளையும் அப்பாலைக் கொண்டுசெல்லும் கான்களையும் உள்ளே போர்த்தியிருப்பது மேலணி என்னும் இழையம். மேலணிக் கலங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, தலை எது அடி எது என்னும் ஒழுங்கு தவறாது வரிசையாக நிற்பவை. அவ்வரிசைக்கு வெளியே அடித்தள மென்சவ்வு ஒன்று எல்லையிட்டு நிற்கும். கலங்களை இவ்வாறு பிணைத்து வைப்பவற்றுட் தலையாயது 'ஈ-கதெரின்' என்னும் புரதம். கல்சியம் இருந்தாலன்றி இது தொழிற்படாது; யப்பானிய அறிஞர் மசதோஷி தக்கெய்ச்சி இக்குடும்பத்துப் புரதங்களை வெளிப்படுத்தியபோது கல்சியத்தை வைத்தே அப்பெயரையும் அமைத்தார். ஒரு கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஈ-கதெரின் அயற்கலத்தின் ஈ-கதெரினைப் பற்றிக்கொள்கின்றது. கிடுகு வேலியிற் கிடுகோடு கிடுகைச் சேர்த்துக் கட்டிய கட்டுப் போன்றது இது. கட்டு அவிழ்ந்தால் வேலி வேலியாக நில்லாது.

உடலில் வேறொரு வகைக் கலங்களும் உள. அவை தனித்தனியே நீண்டு மெலிந்த உருவோடு, தம்மைச் சூழ்ந்த நார்களினூடே ஊர்ந்து செல்ல வல்லவை. மேலணிக் கலத்தைக் குடியானவன் எனக் கொண்டால் இதனை நாடோடி எனலாம். இவ்விரண்டும் பிறப்பால் வேறுபட்ட சாதிகள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1982 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் ஹே அம்மையாரும் அவருடைய துணைவர் ஒருவரும் வளர்ந்த மேலணிக் கலங்களைக் கொலாஜன் கூழினுள் அமிழ்த்தி வைத்துப் பார்த்தனர். வரிசையில் நின்ற கலங்கள் தலையடி ஒழுங்கை இழந்து, உரு நீண்டு, கூழினூடே தனித்தனியே ஊரத் தொடங்கின. குடியானவன் நாடோடி ஆகலாம் என்பது அதனாற் புலனாயிற்று.

இம்மாற்றத்துக்கு ஆணையிடுவது யாது?

ஒவ்வொரு கலத்தின் கருவினுள்ளும் டி. என். ஏ. என்னும் நூல் முழுமையாகவே உள்ளது. கண்ணிலுள்ள கலத்திலும் ஈரலிலுள்ள கலத்திலும் இருப்பது ஒரே நூலே. வாசிக்கப்படும் ஏடுகளே வேறு. பழைய ஏட்டுச் சுவடிகளைப் பிரதி செய்த காலத்தை நினைவுகூரின் இது எளிதில் விளங்கும். ஓர் ஏட்டைப் பிரதி செய்தாலன்றி அதிலுள்ளது வெளியே பயன்படாது. கலத்தினுள்ளும் ஒரு பரம்பரையலகு ஆர். என். ஏ. என்னும் பிரதியாகப் படியெடுக்கப்பட்ட பின்னரே புரதம் ஆகின்றது. இன்ன ஏட்டைப் படியெடுக்க, இன்ன ஏட்டைக் கட்டி வைக்க என்று ஆணையிடும் புரதங்கள் தனியே உள. அவற்றையே படியெடுத்தற் காரணிகள் என்பர். பிரதி செய்யும் எழுத்தாளன் வேறு. எந்த ஏட்டைப் பிரதி செய்வதென்று தீர்மானிக்கும் ஆசிரியன் வேறு. படியெடுத்தற் காரணி ஆசிரியனைப் போன்றது. டி. என். ஏ. யிலே தனக்குரிய குறியுள்ள இடத்தைத் தேடி அமர்ந்து, அயலிலுள்ள பரம்பரையலகைத் திறக்கவோ மூடவோ செய்கின்றது. ஒரு காரணி நூற்றுக்கணக்கான ஏடுகளுக்கு ஒருங்கே ஆணையிடலாம். எனவே கலமொன்று ஒரே வீச்சிற் குணம் மாறுவதைக் கண்டால் அதன் பின்னணியில் இத்தகைய ஆசிரியனைத் தேடுவது ஆய்வாளர் வழக்கம்.

ருவிஸ்ற் என்னும் காரணியைக் கண்டுபிடித்தவர்கள் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள் அல்லர் என்பது இக்கதையிற் சுவையான பகுதி. மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் கிறிஸ்ரியானே நுஸ்லைன்-வொல்ஹாட் அம்மையாரும் எரிக் வீஷௌஸ் என்பாரும் பழ ஈயின் முளையம் எவ்வாறு உருப்பெறுகின்றது என அறிய விரும்பினர். ஈக்களில் விகாரங்களை வேண்டுமென்றே உண்டாக்கி, உருக்கெட்ட முளையங்களைப் பல்லாயிரக் கணக்கில் நுணுக்குக்காட்டியிற் பார்த்து வகைப்படுத்தினர். அவற்றுள் ஒருவகை முளையம் முட்டைக்குள்ளே முறுகிக் கிடந்தது. அக்காரணத்தால் 'முறுக்கு' என்னும் பொருள் தரும் ருவிஸ்ற் என்ற பெயரைச் சிதைந்த பரம்பரையலகுக்கு இட்டனர். (எம் வாசகர்கள் தீபாவளித் தின்பண்டத்தை நினைந்தால் அது அவர் குற்றமன்று.) மற்றொன்று 'நத்தை' எனப் பெயர் பெற்றது. இவ்விருவரும், ஈயாராய்ச்சியில் மூத்தவரான எட்வேட் லூயிசும் 1995 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

அம்முளையங்கள் முறுகியமைக்குக் காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. பழ ஈயின் முட்டை கருக்கட்டி ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்தில், முளையத்தின் வயிற்றுப்புறத்தே ஒரு பட்டையாக நிற்கும் கலங்கள் உள்நோக்கி மடிந்து சென்று, பின்னர்ப் பரந்து தசை முதலியவற்றை ஆக்கவேண்டும். இவ்வுட்புகவுக்கு ஆணையிடுவன ருவிஸ்ற்றும் நத்தையுமே. அவை இல்லாதவிடத்துக் கலங்கள் வெளியிலேயே நின்றுவிட, உள்ளுறுப்புக்கள் அமைவதில்லை. பழ ஈயோடு இச்செய்தி முடிந்துவிடவுமில்லை. 1995 இல் ருவிஸ்ற் இல்லாத சுண்டெலி முளையங்களை ஆக்கிப் பார்த்தபோது, தலைப்பகுதியில் நரம்புக் குழாய் மூடாமல் அவை கருப்பையிலேயே இறந்தன. மனிதரிலும் இப்பரம்பரையலகின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதானால் மண்டையோட்டின் பொருத்துக்கள் காலத்துக்கு முன்னரே ஒட்டிக்கொள்ளும் பிறவிக் குறையொன்று உண்டாகுமென 1997 இல் அறியப்பட்டது. ஆகவே ருவிஸ்ற் எம் எல்லோருக்கும் பிறக்குமுன் தேவைப்பட்ட புரதம். பிறந்தபின் பெரும்பாலான மேலணிக் கலங்களில் அவ்வேடு கட்டி வைக்கப்பட்டுவிடுகின்றது.

மார்பகப் புற்றுநோயில் அவ்வேடு மீண்டும் அவிழ்க்கப்படுவதைக் காட்டிய ஆராய்ச்சி 2004 இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள வைற்ஹெட் ஆய்வு நிறுவனத்தில் றொபேட் வைன்பேர்க் என்பாரின் ஆய்வுகூடத்தில் ஜிங் யாங் அம்மையார் முதலானோர் அதனை நடத்தினர். அவர்கள் கைக்கொண்ட முறை எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது. ஒரே சுண்டெலியின் ஒரே மார்பகக் கட்டியிலிருந்து முன்னரே பிரித்து வளர்க்கப்பட்ட நான்கு கலவழிகள் இருந்தன. உடன்பிறந்தவையாயினும் அவற்றின் நடத்தை வேறு வேறு. முதலாவது வழி கட்டியை மட்டும் ஆக்கும், வெளியே செல்லாது. இரண்டாவது அண்மையிலுள்ள நிணநீர்க் கணுவரை செல்லும். மூன்றாவது சுவாசப்பையைச் சென்றடையும். ஆயின் அங்கே கண்ணுக்குப் புலனாகும் கட்டியாக வளராது. நான்காவது சென்றடைந்து வளரவும் செய்யும். இந்நான்கிலும் எந்தெந்தப் பரம்பரையலகுகள் திறந்துள்ளன என ஒப்பிட்டபோது, பரவும் ஆற்றலோடு சேர்ந்து உயர்ந்து நின்றவற்றுள் ருவிஸ்ற்றும் ஒன்று.

சேர்ந்து நிற்பதெல்லாம் காரணமாகிவிடாது. எனவே நான்காம் வழிக் கலங்களில், சிறு ஆர். என். ஏ. துண்டுகளைக் கொண்டு ருவிஸ்ற் ஆக்கத்தை அடக்கிவிட்டு மீண்டும் சுண்டெலிகளின் மார்பகத்தில் வைத்தனர். கட்டி முன்போலவே வளர்ந்தது. குருதியிற் காணப்பட்ட புற்றுநோய்க் கலங்களோ குறைந்தன. சுவாசப்பையிலே தோன்றிய கட்டிகளும் குறைந்தன. ஒரு கலம் பெருகுவதும் பெயர்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய பரிசோதனையை யான் அறியேன். மறுதலையாக, அமைதியாய் நிற்கும் மேலணிக் கலத்தினுள் ருவிஸ்ற்றைப் புகுத்தியபோது ஈ-கதெரின் மறைந்தது. கலங்கள் கட்டவிழ்ந்து நாடோடி உருக்கொண்டு ஊர்ந்தன.

கட்டை அவிழ்க்கும் வேலையில் ருவிஸ்ற் தனித்து நிற்பதில்லை. நத்தை என்னும் காரணி ஈ-கதெரின் பரம்பரையலகின் முகப்பிலே நேரே அமர்ந்து அதனை மூடிவிடுகின்றது என 2000 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் குழுக்கள் இரண்டு காட்டியிருந்தன. ருவிஸ்ற் அந்நத்தையின் குடும்பத்து உறுப்பினன் ஒன்றைத் திறந்துவிட்டு, அதன் கையாலேயே ஈ-கதெரினை மூடுவிக்கின்றது என்பது 2011 இல் தெரியவந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. கட்டு அவிழ்ந்த கலம் அடித்தள மென்சவ்வைத் துளைக்காமல் வெளியேற இயலாதன்றோ? ருவிஸ்ற் வளர்ச்சிக் காரணியொன்றின் வாங்கியைப் பெருக்க, அதன் தூண்டுதலாற் கலத்தின் அடிப்புறத்தே சிறு முளைகள் எழுகின்றன. அம்முளைகளின் நுனியில் நொதியங்கள் திரண்டு சவ்வைக் கரைக்கின்றன. ஒரே ஆசிரியன் கட்டை அவிழ்க்கவும், கால் முளைப்பிக்கவும், வேலியை அறுக்கவும் ஆணையிடுகின்றான்.

அவ்வாசிரியனை எழுப்புவது யாது என்பதற்கு விடைகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் கூறுவேன். மார்பகக் கட்டி கையிற் கடினமாக அகப்படுவதை யாவரும் அறிவர். அக்கடினம் நோயின் அடையாளம் மாத்திரமன்று என 2015 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மென்மையான சூழலில் ருவிஸ்ற் குழியவுருவிலே மற்றொரு புரதத்தாற் கட்டுண்டு கிடக்கின்றது. சூழல் இறுகும்போது, கலம் அவ்விறுக்கத்தை உணர, கட்டு நீங்கி ருவிஸ்ற் கருவினுள்ளே செல்கின்றது. தொடும் விரல் அறியும் கடினத்தைத் தானும் அறிந்து கலம் புறப்பட ஆயத்தமாகின்றது என்க.

இவ்வளவில் நிறுத்தினாற் கதை அழகாகவே இருக்கும். ஆயின் உண்மை அத்துணை அழகாக அமையவில்லை. நோயியல் வல்லுநர்கள் தொடக்கத்திலிருந்தே ஒரு தடை கூறி வந்தனர். கான்களில் எழுந்த புற்றுநோய் தொலைவிற் சென்று ஆக்கிய கட்டியை வெட்டிப் பார்த்தால், அங்கே பெரும்பாலும் ஈ-கதெரின் உள்ளது. கலங்கள் குடியானவர் போலவே நெருங்கி நிற்கின்றன. நாடோடிகளாய்ப் போனவை இவைதாமா? 2014 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் சுண்டெலியின் மார்பக மேலணியிலே ருவிஸ்ற்றைத் திறந்துவிட்டனர். கலங்கள் தனித்தனியே வெளியேறின. ஆனால் ஈ-கதெரினை இழக்காமலே வெளியேறின. ஈ-கதெரினைக் குறைத்தபோது வெளியேற்றமும் குறைந்தது! 2015 இல், மார்பகத்தைப் பற்றி ஒன்றும் கணையத்தைப் பற்றி ஒன்றுமாக, இரு சுண்டெலி ஆய்வுகள் ஒருங்கே வெளியாகி, பரவுதற்கு நாடோடி மாற்றம் இன்றியமையாததன்று என்று வாதித்தன. மாறிய கலங்களை அடையாளங் கண்ட முறை போதாது என்று மறுத்தோரும் உண்டு. 2019 இல் மேற்கூறிய பல்கலைக்கழகத்தாரே, கான்வழிப் புற்றுநோய்களில் ஈ-கதெரினை நீக்கினாற் கலங்கள் அயலிலே அதிகம் புகுகின்றனவாயினும், வழியிலே மடிந்து, தொலைவிற் கட்டி ஆக்கும் வலியை இழக்கின்றன எனக் காட்டினர்.

கட்டு முற்றாக அறுந்த மார்பகப் புற்றுநோயும் இல்லாமலில்லை. நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து வரையான நோயாளிகளிற் காணப்படும் சோணைவகைப் புற்றுநோயில் ஈ-கதெரின் பரம்பரையலகே பெரும்பாலும் சிதைந்திருக்கும். அதன் கலங்கள் எறும்புகள் போல ஒற்றை வரிசையாக இழையத்தினூடே செல்லும். திரண்ட கட்டியாகாமையால் எக்ஸ்கதிர்ப் படத்திலும் அது எளிதில் அகப்படுவதில்லை.

இம்முரண்பாடுகளை நோக்குமிடத்து, குடியானவன், நாடோடி என இரண்டே நிலைகள் உள என முதலிற் கொண்டமையே பொருந்தாது எனத் தோன்றுகின்றது. இத்துறையினர் 2020 இல் ஒன்றுகூடி வெளியிட்ட வழிகாட்டுரையும் இடைப்பட்ட நிலைகள் பலவற்றை ஏற்றுக்கொண்டுள்ளது. 2013 இல் மார்பகப் புற்றுநோயாளரின் குருதியிற் பிடிபட்ட கலங்களை ஆராய்ந்தபோது இருநிலைக் குணங்களையும் ஒருங்கே தாங்கியவை சில இருந்தன. ஒரு கையால் அயலவனைப் பற்றிக்கொண்டே மறுகாலை எடுத்து வைக்கும் கலமே நெடுந்தூரம் போக வல்லது போலும்.

போன இடத்தில் நடப்பதே சிகிச்சைக்கு மிக முக்கியமானது. 2012 இல் ஜிங் யாங் அம்மையார், அப்பொழுது சான் டியேகோவில் தமக்கென அமைந்த ஆய்வுகூடத்தில், நுட்பமான ஒரு பரிசோதனை செய்தார். மருந்தொன்றைக் கொடுத்தால் ருவிஸ்ற் திறக்கும், நிறுத்தினால் மூடும் என்னுமாறு அமைக்கப்பட்ட சுண்டெலிகள் அவை. கட்டி தோலில் எழுந்தது. ஒருசாராருக்கு மருந்து வாய்வழி கொடுக்கப்பட்டது. உடலெங்கும் அது பரவியதால், கலம் எங்கே சென்றாலும் ருவிஸ்ற் திறந்தே இருந்தது. மறுசாராருக்கு மருந்து தோலில் மட்டும் பூசப்பட்டது. கட்டியிலே திறந்த ருவிஸ்ற், கலம் தொலைவிற் சென்றதும் மூடிக்கொண்டது. இருசாராரிலும் கலங்கள் குருதியிற் புகுந்தன. ஆயின் சுவாசப்பையிற் கட்டிகள் மிகுதியாக வளர்ந்தது பின்னையோரிலேயே. நாடோடியாகவே நிற்கும் கலம் பெருகுவதில்லை. மீண்டும் குடியானவனாகிய கலமே பெருகுகின்றது.

இதன் விளைவை நோக்குக. ருவிஸ்ற்றை அடக்கும் மருந்து கிடைத்துவிட்டதென வைத்துக்கொள்வோம். நோய் கண்டறியப்படும் வேளையிற் பலருக்குச் சில கலங்கள் முன்னரே புறப்பட்டு என்பு மச்சை முதலிய இடங்களில் உறங்கிக் கிடக்கலாம். அவ்வேளையில் அம்மருந்தைக் கொடுத்தால், புதியவை புறப்படுவதைத் தடுக்கும் அதே கையால் முன் சென்றவற்றைக் குடியேறச் செய்துவிடுமோ என்னும் அச்சம் ஆய்வாளரிடையே உண்டு. அம்மருந்தை ஆக்குவதும் எளிதன்று. மார்பகப் புற்றுநோயில் மற்றொரு படியெடுத்தற் காரணிக்கு எதிராக நல்ல மருந்து 1970கள் தொடக்கம் உள்ளது: ஈஸ்திரோஜன் வாங்கியும் படியெடுத்தற் காரணியே, தமொக்சிபென் அதனைத் தடுப்பது. ஆனால் அக்காரணியிலே ஓமோன் வந்து அமர்வதற்கு இயற்கையே ஒரு குழியை அமைத்திருக்கின்றது. மருந்து அக்குழியிற் சென்று அமர்ந்துகொள்கின்றது. ருவிஸ்ற்றில் அத்தகைய குழி இல்லை.

ஆகவே இன்று வைத்தியர் கையிலிருப்பது பெயர்ச்சியைத் தடுக்கும் மருந்தன்று. பெயர்ந்து சென்றவற்றை வளரவிடாத மருந்தே. ஈஸ்திரோஜன் வாங்கியுள்ள நோய் எனின், கட்டி அகற்றப்பட்ட பின்னும் மாத்திரையை ஐந்தாண்டுக்குக் குறையாமல் உட்கொள்ளுமாறு விதிக்கின்றனர். தமொக்சிபெனை ஐந்தாண்டோடு நிறுத்தாமற் பத்தாண்டு உட்கொண்டோரில் நோய் திரும்புவதும் இறப்பும் மேலும் குறைந்தன என்பது பல நாடுகளில் நடந்த பெரும் பரிசோதனையொன்றால் 2012 இல் நிறுவப்பட்டது. கட்டிதான் போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்த மாத்திரை என்று வீட்டார் கேட்பதுண்டு. நோயாளியும் ஓரிரு ஆண்டில் அதனைக் கைவிடுவதுண்டு. கத்தி படுமுன்னரே மார்பகத்தைவிட்டுப் போய், என்பினுள் ஓசையின்றிக் கிடக்கக்கூடிய அச்சில கலங்களுக்காகவே அம்மாத்திரை கொடுக்கப்படுகின்றது.